‘ஏனெண்டா’வுக்கு முன்னால் வெட்டிவிட்டார்கள்

அம்மா கமெராவைப் பார்த்துச் சொன்ன வசனம் இது: “என்ர பேரப்பிள்ளையளுக்கு நான் வேற பானையிலதான் பொங்குவன், ஏனெண்டா அதுகள் வயிறு நிறையச் சாப்பிட வேணும்.”

தொலைக்காட்சியில் போனது இது: “என்ர பேரப்பிள்ளையளுக்கு நான் வேற பானையிலதான் பொங்குவன்.” அந்த இடத்தில் வயலின் ஒன்று இழுக்கிறது. அடுத்த காட்சியில் என் மச்சாள், அண்ணாவின் மனைவி, தலையைக் குனிந்தபடி இருக்கிறார்.

மச்சாள் தலை குனிந்தது வேறொரு நாள், வேறோர் இடம். மகளின் சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

அந்த இரண்டு துண்டையும் ஒட்டியதால் எங்கள் குடும்பம் ஐந்து மாதம் பட்ட பாட்டை எழுதவேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். வேறு வேறு நம்பிக்கை உள்ள குடும்பங்களை ஒன்றாக வைத்துப் படம் பிடிக்கும் ரியாலிட்டி நிகழ்ச்சிக்காரர் எங்களைத் தேடி வந்ததுபோல உங்களையும் தேடி வரலாம். வந்தால் என்ன கேட்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

நாங்கள் திருகோணமலை உவர்மலையில் இருக்கும் சைவக் குடும்பம். அப்பா இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயில் தவறாது. அப்பா போன பிறகும் அம்மா அதை விடவில்லை. அண்ணா 2009இல் பாலையூற்றில் ஒரு பெந்தகோஸ்தே சபைக் குடும்பத்தில் கலியாணம் செய்தார். அடுத்த வருடம் ஞானஸ்நானம் எடுத்தார். அம்மா ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. பேரன் பிறந்ததும் பேசினார். இதில் விரிக்க ஒன்றுமில்லை, எங்கள் ஊரில் பல வீட்டில் நடந்ததுதான்.

விரிக்க வேண்டியது அந்தப் பானையைப் பற்றி.

2013 தைப்பொங்கல். பேரனுக்கு இரண்டு வயது. முற்றத்தில் கோலம் போட்டு, மூன்று கல் வைத்து, பானைக் கழுத்தில் மஞ்சள் இலையும் இஞ்சி இலையும் கட்டி அம்மா பொங்கினார். படைத்து, கற்பூரம் காட்டி முடிந்ததும் வாழையிலையில் கிடந்த பொங்கலைப் பிள்ளை கையால் அள்ளப் போனான். மச்சாள் அவன் கையை மெல்லப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒரு சொல் சொல்லவில்லை. விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடக்கூடாது என்பது அவர்கள் சபையில் கண்டிப்பு. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் 8ஆம் அதிகாரம் முழுக்க இந்தச் சிக்கல்தான். அம்மாவுக்கு அந்த அதிகாரம் தெரியாது. பிள்ளை அழுதது தெரிந்தது.

படைக்க முன்னம் கொஞ்சம் எடுத்து வைத்தால் போதாதா என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் அது நடக்காது. ஒருவருக்கு எடுத்துக் கொடுத்த மிச்சத்தைச் சூரியனுக்குப் படைக்க அம்மாவின் கை போகாது. அடுத்த வருடம் அம்மா சந்தையில் ஒரு சின்ன மண்பானை வாங்கி வந்தார். முற்றத்துப் பானை சூரியனுக்கு. குசினிக்குள் காஸ் அடுப்பில் சின்னப் பானை பிள்ளைகளுக்கு. அதே பச்சையரிசி, அதே பயறு, அதே சர்க்கரை. கஜு மட்டும் சின்னப் பானையில் ஒரு பிடி கூட. 2022 தையில் காஸ் சிலிண்டருக்கு ஊரே அலைந்தபோதும் சின்னப் பானை விறகில் ஏறியது. மச்சாள் ஏனென்று கேட்டதில்லை. இதற்காகத்தான் என்று அம்மா சொன்னதுமில்லை. ஒன்பது பொங்கல் அப்படியே நடந்தது.

இப்படிப் பேசாமல் நடக்கும் ஏற்பாடுகளால்தான் திருகோணமலை ஓடுகிறது என்று நான் நம்புகிறேன். கிண்ணியாவில் என் சிநேகிதி வீட்டுக் கலியாணத்துக்குப் போனால், மாட்டிறைச்சி படாத சட்டி எங்களுக்கென்று ஒரு மூலையில் இருக்கும். அதைக் காட்டி யாரும் எதுவும் சொல்வதில்லை.

2022 நவம்பரில் கொழும்பிலிருந்து இரண்டு இளம் பிள்ளைகள் வந்தார்கள். நல்ல மரியாதை. ஒரு தொலைக்காட்சிக்குத் தொடர் செய்கிறோம், ஒரே குடும்பத்துக்குள் இரண்டு சமயம், மூன்று நாள் அம்மா மகன் வீட்டில் அவர்கள் ஒழுங்குப்படி இருக்க வேண்டும், மருமகள் உங்கள் வீட்டில் உங்கள் ஒழுங்குப்படி இருக்க வேண்டும், கடைசியில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்றார்கள். நல்லிணக்கம் என்ற சொல் பத்துத் தடவையாவது வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு லட்சம் ரூபாய்.

அண்ணாவுக்கு அந்தக் காசு தேவையாக இருந்தது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வரும் வெளிநாட்டவர்களை ஏற்றி இறக்க லீசிங்கில் வான் எடுத்தவர். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்போடு ஆட்கள் வருவது நின்றது. பிறகு கொரோனா. பிறகு டீசல் வரிசை. பிள்ளைகளின் படிப்பை நினைத்து அவர் ஓம் என்றார், அவரை நினைத்து அம்மா ஓம் என்றார். பொங்கல் எப்போது வருகிறது என்று வந்தவர்கள் கேட்டார்கள். 2023 ஜனவரி 15, ஞாயிற்றுக்கிழமை. சபை ஆராதனையும் பொங்கலும் ஒரே காலை. அவர்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சிரித்தது என் கண்ணில் பட்டது. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். திகதியை யார் தெரிவு செய்கிறார், ஏன் அந்த நாள் என்று கேளுங்கள். இரண்டு கடமை மோதும் நாளைத்தான் கேட்கிறார்கள் என்றால் அவர்களுக்குத் தேவை அந்த மோதல்.

அதே ஆட்கள் கிண்ணியாவில் என் சிநேகிதி வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். 2009இல் பாலம் திறந்த பிறகு அந்த வீடு எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. அவளின் வாப்பா தேத்தண்ணி கொடுத்து இருத்தி, ஒரு கேள்விதான் கேட்டாராம்: “எங்கட தொழுகைய எத்தின நிமிசம் காட்டுவீங்க, எங்கட சண்டைய எத்தின நிமிசம் காட்டுவீங்க? எழுதித் தாங்க.” எழுதித் தர முடியாது என்றார்கள். அப்படியென்றால் தேத்தண்ணியைக் குடியுங்கள் என்றாராம். இதை நான் கேள்விப்பட்டது எல்லாம் முடிந்த பிறகு. நான் படித்த எந்த ஒப்பந்தத்தையும்விட அந்தக் கேள்வியில் விசயம் இருக்கிறது.

ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில், பதினொரு பக்கம். என் தொழிலே மொழிபெயர்ப்பு. வாசித்து அம்மாவுக்கும் அண்ணாவுக்கும் சொன்னது நான்தான். எடுத்த காட்சியை வெட்டலாம், ஒழுங்கு மாற்றலாம், வேறு இடத்தில் வைக்கலாம், பிரபஞ்சம் முழுவதும் என்றென்றைக்கும் பயன்படுத்தலாம் என்று இருந்தது. ‘பிரபஞ்சம் முழுவதும்’ வழக்கமான சட்டச் சொற்றொடர்தான் என்று அதைத் தாண்டிவிட்டேன். ‘ஒழுங்கு மாற்றலாம்’ என்பதையும் அதே வேகத்தில் தாண்டிவிட்டேன். மூன்று பேரும் கையெழுத்து வைத்தோம். பிரதி கேட்டு வாங்கவும் இல்லை. பிள்ளைகளுக்காக அண்ணா வைத்த கையெழுத்துத்தான் இன்றைக்கும் எனக்கு நெஞ்சில் கிடக்கிறது.

இந்த வகை நிகழ்ச்சிகள் எங்கேயிருந்து வந்தன என்று பிறகு தேடிப் பார்த்தேன். பிரித்தானியாவில் 2003இல் சனல் 4 தொடங்கிய ‘வைஃப் ஸ்வாப்’தான் பலதுக்கும் முன்மாதிரி. இரண்டு வீட்டுப் பெண்கள் கொஞ்ச நாள் இடம் மாறுவார்கள். முதல் பாதியில் அந்த வீட்டு ஒழுங்கு, அடுத்த பாதியில் போனவருடைய ஒழுங்கு. எங்களுக்குச் சொன்ன திட்டம் அதன் சுருக்கம்தான். அமெரிக்காவில் ஃபொக்ஸ் 2004இல் தொடங்கிய ‘ட்ரேடிங் ஸ்பௌசஸ்’ இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் 50,000 டொலரை எதற்குச் செலவழிப்பது என்று மற்ற வீட்டுத் தாய் தீர்மானிப்பார். லூசியானாவிலிருந்து ஒரு தீவிர கிறிஸ்தவத் தாயை, நட்சத்திரம், சோதிடம் என்று வாழும் வேறொரு குடும்பத்துக்கு அனுப்பினார்கள். அவர் வீடு திரும்பியதும் கத்திக் குழறிய காட்சி இன்றைக்கும் இணையத்தில் சிரிப்புக்காகச் சுற்றுகிறது. அவர் எத்தனை நாள் நல்லபடியாக அந்த வீட்டில் சாப்பிட்டார், உறங்கினார் என்பதை யாரும் பகிர்வதில்லை. நான் அந்தத் துண்டை ஒருமுறை பார்த்தேன். என் அம்மாவின் முகம்தான் தெரிந்தது. பிறகு பார்க்கவில்லை.

நல்லபடியாகச் செய்ததும் உண்டு. 2005இல் வந்த ‘30 டேஸ்’ தொடரில் மேற்கு வேர்ஜினியாவைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவர் மிச்சிகனில் டியர்போனில் ஒரு முஸ்லிம் குடும்பத்தோடு முப்பது நாள் இருந்தார். பயத்தோடு போனவர் நட்போடு திரும்பினார். முப்பது நாள் என்பது பெரிய விசயம். ஒருவரோடு சண்டை பிடித்து, அலுத்து, பிறகு சேர்ந்து பாத்திரம் கழுவ அவ்வளவு நாள் வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது மூன்று நாள். அதே டியர்போனில் ஐந்து முஸ்லிம் குடும்பங்களைச் சாதாரண மனிதர்களாகக் காட்டிய ‘ஓல் அமெரிக்கன் முஸ்லிம்’ 2011இல் வந்தது. ஒரு குழுவின் எதிர்ப்புக்குப் பயந்து ஒரு பெரிய கடைக் கம்பனி விளம்பரத்தைத் திருப்பி எடுத்தது. பார்ப்பவர்கள் குறைவு என்று ஒரு பருவத்தோடு தொடரும் நின்றது. சண்டை இல்லாத வீட்டைக் காட்டினால் காசு வராது என்ற கணக்கு எங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். அவர்களை நான் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். அவர்களுக்கு மேலே ஒருவர் இருந்தார், அவருக்கு மேலே இன்னொருவர்.

படப்பிடிப்பு வெள்ளிக்கிழமை தொடங்கியது. காலையிலேயே சேலையில் சின்ன மைக்கைக் குத்திவிட்டார்கள். அது நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதை நாங்கள் மத்தியானத்துக்குள் மறந்துவிட்டோம். மச்சாள் எங்கள் குசினியில் நின்று போனில் தன் தாயோடு மெல்லப் பேசியதும் அதில் விழுந்தது. கமெரா நிற்கிறதா என்று பார்த்துப் பிரயோசனம் இல்லை. குசினிக்கும் குளியலறைக்கும் போகும்போது மைக்கைக் கழற்றி மேசையில் வையுங்கள். ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

சனிக்கிழமை அம்மாவையும் பேரனையும் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். 1622இல் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டிய இடம். இன்றைக்கும் அந்தக் கோட்டை வாசலுக்குள்ளால், மான்களைத் தாண்டித்தான் சுவாமி மலைக்கு ஏறுகிறோம். திரும்ப எழுப்பிக் குடமுழுக்குக் கண்டது 1963இல். பேரன் கோயிலுக்குள் போகமாட்டான் என்பதால் மான்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள். இயக்குனர் அம்மாவிடம் கேட்டார்: “இந்தக் கோயில இடிச்சது கிறிஸ்தவர்கள்தானே அம்மா, பேரனைப் பார்த்து என்ன சொல்லுவீங்க?”

அம்மா சொன்னார்: “பறங்கியன் செய்ததுக்கு என்ர பேரன் என்ன செய்வான்? வெயில் ஏறுது, பிள்ளைக்குத் தண்ணி குடுங்கோ.”

இந்த மறுமொழி ஒளிபரப்பில் இல்லை. ஆனால் பேரன் கேள்வியைக் கேட்டுவிட்டான். அன்றிரவு அண்ணாவிடம், “அப்பம்மாட கோயில நாங்களோ அப்பா இடிச்சம்?” என்று கேட்டிருக்கிறான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அதனால் சொல்கிறேன்: பிள்ளைகள் படத்தில் வராவிட்டாலும், கேள்வி கேட்கும் இடத்தில் அவர்களை நிறுத்தாதீர்கள். கேள்விகளை முதலே எழுத்தில் கேளுங்கள். பிள்ளையோடு தாயோ தகப்பனோ இல்லாமல் ஒரு நிமிடம்கூடப் பேச விடவேண்டாம்.

ஞாயிறு காலை அண்ணா குடும்பம் ஆராதனை முடித்துப் பத்தரைக்கு வந்தது. பொங்கல் சரியாகப் பொங்கியது. இயக்குனர் குசினிக்குள் வந்து சின்னப் பானையைக் கண்டார். “இது என்ன?” என்று அவர் கேட்ட மாத்திரத்தில் என் வயிறு கலங்கியது. ஒன்பது வருடம் பெயர் வைக்காமல் இருந்த ஒன்றுக்கு அவர் பெயர் கேட்கிறார். அம்மாவை முற்றத்தில் கதிரையில் இருத்தி விளக்கு வைத்தார்கள்.

அந்தப் பேட்டியில் ஒரு முறை இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். “கேள்வியையும் சேர்த்து முழு வசனமாகச் சொல்லுங்கோ அம்மா” என்பார்கள். கேட்டவர் குரலை வெட்டிவிட்டு, நீங்களே வலியச் சொன்னதுபோல் காட்ட அது வசதி. அம்மா முதலில், “அதுகள் வயிறு நிறையச் சாப்பிட வேணுமெண்டுதான்” என்று மட்டும் சொன்னார். அது போதாது, முழுதாகச் சொல்லுங்கள் என்று இன்னொரு தடவை கேட்டார்கள். அப்போதுதான் மேலே நான் எழுதிய வசனம் வந்தது. காரியம் முன்னுக்கு, காரணம் பின்னுக்கு. ‘ஏனெண்டா’ என்ற சொல்லில் வசனம் தானாக இரண்டாகப் பிளந்து நின்றது; கத்தரிக்கோல் வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

அம்மா முதல் சொன்ன விதத்தில் விட்டிருந்தால் அதை வெட்ட முடியாது. தமிழில் காரணத்தை முன்னால் வைத்து வினையைக் கடைசியில் முடிக்கலாம். எங்கள் பேச்சே இயல்பாக அப்படித்தான் போகும். “பிள்ளையள் வயிறு நிறையச் சாப்பிட வேணுமெண்டு வேற பானையில பொங்குறன்.” இதில் வாலை எங்கே வெட்டினாலும் முன்பாதி தனியாக நிற்காது. எந்தப் பேட்டியிலும் ‘ஏனெண்டா’, ‘ஆனா’, ‘எண்டாலும்’ என்று பின்னால் தொங்கவிடாதீர்கள். இரண்டாம் தரம் சொல்லச் சொன்னால், முதல் சொன்னதையே சொல் மாறாமல் சொல்லுங்கள்.

ஒளிபரப்பானது சித்திரை வருடத்துக்கு முந்தின கிழமை. முதல் பாதியில் அழுகை எதுவும் இல்லை. அம்மா பாலையூற்றில் பிள்ளைகளுக்குத் தலை வாரி இழுத்துவிட்டதெல்லாம் வந்தது. அண்ணாவும் நானும் ஆறுதலாக மூச்சு விட்டோம். பிறகு பானை வந்தது.

எங்கள் சனத்துக்கு ‘வேறு பானை’ என்றால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. தேத்தண்ணிக் கடையில் சிலருக்குத் தனிக் கோப்பை வைத்த காலத்தைக் கண்ட ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். தன் மகன் சமயம் மாறியதால் பேரப்பிள்ளைகளைத் தீண்டத்தகாதவர்களாக நடத்தும் கிழவி என்று அம்மா ஆகிவிட்டார். அந்தத் துண்டு டிக்டொக்கில் சுற்றியது. மீன் சந்தையில் ஒரு பெண் அம்மாவின் முகத்துக்கே கேட்டார். சபையில் சிலர் அண்ணாவிடம், உங்களை ஒதுக்குகிற விக்கிரக வீட்டுக்குப் பிள்ளைகளை ஏன் அனுப்புகிறீர்கள் என்றார்கள். கோயிலில் சிலர் அம்மாவிடம், மதம் மாறினவர்களுக்கு ஏன் பொங்கல் நாளில் தனியாக உலை வைக்கிறாய் என்றார்கள். ஒரே பானைக்கு இரண்டு பக்கத்தாலும் அடி. அண்ணா வீட்டார் வருவது நின்றது. அம்மா வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதையும் சில கிழமை நிறுத்தினார். அப்பா செத்த நேரத்தில்கூட அவர் அதை நிறுத்தவில்லை.

முழு வசனமும் உள்ள துண்டைத் தாருங்கள் என்று எழுதினேன். படிவத்தில் ‘ஒழுங்கு மாற்றலாம்’ என்ற பந்தியைக் காட்டிப் பதில் வந்தது. காசின் இரண்டாம் பாதி பல தொலைபேசி அழைப்புக்குப் பிறகு ஆனியில் வந்தது.

ஒளிபரப்புக்கு முன்னமே போதகரிடமும் கோயில் ஐயரிடமும் போய், இப்படி ஒன்று வரப்போகிறது, நடந்தது இதுதான் என்று சொல்லியிருந்தால் பாதி நோ குறைந்திருக்கும். சனம் என்ன கதைத்தாலும் அந்த இரண்டு பேர் வாயில் உண்மை இருந்திருக்கும். நான் போகவில்லை. நல்லிணக்கம் என்று சொன்னார்களே என்று இருந்துவிட்டேன்.

சரியாக்கியது மச்சாள். கூட்டத்தில் வாய் திறக்காத ஆள். ஆவணியில் சபைச் சகோதரிகள் கூட்டத்தில் எழுந்து நின்று, “அந்தப் பானை மாமி என்ர பிள்ளையளுக்காக ஒன்பது வருசமா வைச்சது. நான் ஒரு நாளும் அவவுக்கு நன்றி சொல்லேல்ல” என்றிருக்கிறார். அங்கே இருந்த ஒருவர்தான் எங்களுக்குச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளோடு உவர்மலைக்கு வந்தார். அம்மா, வா என்றுகூடச் சொல்லாமல் குசினிக்குப் போய் உலை வைத்தார். மச்சாள் பின்னாலேயே போய் வெங்காயம் உரித்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் முன்னறையில் பிள்ளைகளோடு இருந்தேன்.

2024 தைப்பொங்கலுக்கும் இரண்டு பானை. முற்றத்தில் பெரியது, குசினியில் சின்னது. அண்ணா குடும்பம் நேரத்தோடு வந்தது. பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. முந்தின வருடங்களில் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு குசினி வாசலில் நிற்பாள், போட்டதைச் சாப்பிடுவாள். இந்த முறை கிண்ணத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்பம்மா, இது எங்கட பானையோ, உங்கட பானையோ?”

அம்மா அகப்பையை நிறுத்தினார். அடியில் கிடந்த கஜுவை மேலே வரக் கிளறி, அவள் கிண்ணத்தை வாங்கினார். “சுடுது, ஊதிச் சாப்பிடு” என்றார்.